அத்தானின் கால் சுவரேறிய கதை

அத்தானுக்குக் கால் வீங்குகிறது என்பது முதலில் அவருடைய காலுறைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து உறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டி இறுக்கியது மாதிரி ஒரு வளையம் பதிந்திருக்கும். உறை மட்டமான சரக்கு என்றாள் அக்கா. புது உறை வாங்கினார்கள். அதிலும் வளையம் விழுந்தது. அப்புறம் ஷூ பிடிக்கவில்லை. அடுத்த அளவுக்குப் போனார். கொஞ்ச நாளில் அதுவும் பிடிக்கவில்லை. அத்தான் செருப்புக் கடையில் விற்பனையாளர் என்பதால் இந்த மாற்றங்களெல்லாம் சுலபமாக நடந்தன. வேறு தொழிலில் இருந்திருந்தால் சீக்கிரமே டாக்டரிடம் போயிருப்பார்.

"ஊர்ல பாதிப் பேர் காலைப் பிடிச்சுத்தான் நம்ம குடும்பம் ஓடுது" என்பது அத்தானின் பழைய ஜோக். கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். இப்போதெல்லாம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கடையில் மேல் தட்டுப் பெட்டிகளை எடுக்க ஏணி ஏற வேண்டும். ஏணியைப் பார்த்தாலே அவருக்கு இரைத்தது. அதனால் மேல் தட்டில் இருக்கும் எந்தச் செருப்பைக் கேட்டாலும் "அந்த அளவு ஸ்டாக் இல்லீங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். முதலாளிக்கு வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று புரியவில்லை.

படுக்கையிலும் அப்படித்தான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலைக்கு இன்னொரு தலையணை கேட்டார். அப்புறம் அக்காவுடைய தலையணையையும் கேட்டார். அக்கா அதைக் கொடுத்துவிட்டு அவர் காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மாவில் விரலை வைத்து எடுத்ததுபோலப் பள்ளம் அப்படியே நின்றது. அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "நீயும் வாடா. க்யூ, சீல், கண்ணாடி ஜன்னல் இதெல்லாம் பழக்கப்பட்டவன் ஒருத்தன் கூட இருக்கட்டும்."

நான் தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்த கவுண்டர்" என்று சொல்லிப் பிழைப்பவன்.

அந்த மருத்துவமனை மிகப் பெரியது. அதற்குள் நடந்து போவதற்கே உடம்பில் நல்ல தெம்பு வேண்டும். வாசலில் பித்தளை எழுத்தில் 'ஓர் உறுப்பு, ஒரு பிரிவு, முழுக் கவனம்' என்று எழுதி, தினமும் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். உள்ளே பதிவு ஜன்னலில் ஓர் அம்மாள் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எந்த உறுப்பு?"

"கால் வீங்குதுங்க," என்றாள் அக்கா. "படி ஏறினா மூச்சு வாங்குது. படுத்தா..."

"ஒண்ணு சொல்லுங்க."

"எல்லாமே ஒரே ஆளுக்குத்தாங்க."

"ஆளு ஒருத்தர்தாம்மா. அதுல சந்தேகமில்லை. உறுப்பு ஒண்ணு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வகையான தொழில் மரியாதைதான் வந்தது. பார்சலா தபாலா என்று நானும் இதே குரலில்தான் கேட்பேன். இவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை.

அக்காவும் அத்தானும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். கால் என்று முடிவானது. மூச்சை எடுத்துக் காட்ட முடியாது, காலை நீட்டிக் காட்டலாம் என்பது அத்தானின் வாதம். அந்த அம்மாள் காலை ஜன்னல் திண்டில் தூக்கி வைக்கச் சொல்லி, அத்தானின் கணுக்காலில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டினார். அதைக் கழற்றக் கூடாது, கால் குணமாகும் வரை அவர் கால் பிரிவைச் சேர்ந்தவர் என்று சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து மருத்துவமனையில் எல்லோரும் அத்தானைக் கால் என்றே கூப்பிட்டார்கள்.

"கால் அந்தப் பெஞ்சுல உக்காரட்டும்," என்றார் ஒரு நர்ஸ். அத்தான் உட்கார்ந்தார்.

கால் பிரிவு தரைத் தளத்தில் இருந்தது. வைத்தியம் பார்க்கும் அறையின் நடுவில் கெட்டித் துணியில் ஒரு திரை. திரையில், முழங்கால் உயரத்தில், ஒரு வட்ட ஓட்டை. நோயாளி இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். டாக்டர் அந்தப் பக்கம் இருப்பார். ஓட்டையின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் தைத்திருந்தார்கள், உரசாமல் இருக்க. அவ்வளவு அக்கறை.

அத்தான் காலை நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"பிரமாதம்," என்றார் டாக்டர். "நர்ஸ், இங்க வந்து பாருங்க. எவ்வளவு சுத்தமான பள்ளம். கரை உடையல பாருங்க."

"டாக்டர்," என்றாள் அக்கா திரையைப் பார்த்து, "இவருக்கு மூச்சும் வாங்குது."

"யாருக்கு?"

"காலுக்குச் சொந்தக்காரருக்கு."

"அது திரைக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா விடவில்லை. கொஞ்சம் திரையை விலக்கிப் பார்த்தால்தான் என்ன என்று கேட்டாள். அதற்கு அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமை அவருக்குப் பழகிப்போனது என்பது குரலில் தெரிந்தது.

"அம்மா, என் சர்வீஸ்ல ஒரு நோயாளியோட முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கும். பாவமா இருந்தா கேள்வி கேக்கத் தோணும். கேள்வி கேட்டா அவங்க பதில் சொல்வாங்க. பதில்ல எங்கெங்கேயோ போயிடுவாங்க, நெஞ்சு, தூக்கம், அப்பாவுக்கு என்ன இருந்துச்சு, எல்லாம் வரும். கால் பின்னாடி போயிடும். உங்க வீட்டுக்காரர் காலுக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க? நான்தானே?"

அக்கா மறுபடி வாயைத் திறப்பதற்குள் அத்தான்தான் "ரொம்ப நன்றிங்க" என்றார். கால் லேசாக ஆடியது.

காலைத் தலையணை மேல் உயரமாக வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அதைச் செய்து பார்த்தோம். கால் உயர்ந்ததும் மூச்சு இன்னும் முட்டியது. மூச்சு விடத் தலையை உயர்த்த வேண்டும், வீக்கம் இறங்கக் காலை உயர்த்த வேண்டும். கடைசியில் வீட்டிலிருந்த தலையணை, சோபா மெத்தை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் அடுக்கி, அத்தானை நடுவில் தொட்டில் குழந்தை மாதிரி மடக்கிப் படுக்க வைத்தாள் அக்கா. அவள் வெறும் தரையில் படுத்துக்கொண்டு அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் போடாத பம்ப் மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியில் காட்டாமல் இருப்பதற்காகக் காலுறைகளைப் பற்றிப் பேசினேன்.

அடுத்து வந்த நாட்களில் வீக்கம் முழங்காலைத் தொட்டது. அங்கேதான் சிக்கல் ஆரம்பமானது, ஏனென்றால் முழங்கால் வேறு பிரிவு. எதிர் வராந்தாவில் இருந்தது. கால் பிரிவு நர்ஸ் ஒரு நீல மையால் அத்தானின் முழங்காலுக்குக் கீழே கோடு போட்டு, வீக்கம் கோட்டைத் தாண்டிவிட்டது, இனி அங்கே போங்கள் என்றார். முழங்கால் பிரிவில் ஓட்டை கொஞ்சம் உயரத்தில் இருந்தது. அத்தானை உயரமான ஒரு ஸ்டூல்மேல் உட்காரவைத்தார்கள்.

முழங்கால் டாக்டர் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். "இந்த வீக்கம் பிறந்த இடம் கணுக்கால். இங்க வந்து தங்கியிருக்கு, அவ்வளவுதான். வந்து தங்கினவங்களை எல்லாம் எங்க ஆளுன்னு சொல்ல முடியுமா?" கால் டாக்டரோ, எல்லையைத் தாண்டிப் போன வீக்கத்தைத் தான் எப்படித் திரும்பக் கூப்பிட முடியும் என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நர்ஸ்கள் வராந்தாவைக் கடந்து கடந்து சேதி சொன்னார்கள். கடைசியில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி அத்தானின் காலைக் காலையிலும் மாலையிலும் பார்த்தது. காலையில் வீக்கம் கீழே இறங்கியிருப்பதும் மாலையில் மேலே ஏறியிருப்பதும் ஊர்ஜிதமானது. ஆகவே காலையில் அத்தான் கால் பிரிவுக்குச் சொந்தம், மாலையில் முழங்கால் பிரிவுக்குச் சொந்தம் என்று தீர்ப்பானது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வீக்கம் ஏன் இறங்கி ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது எந்தப் பிரிவின் கேள்வி என்று முடிவாகவில்லை.

அத்தான் கடைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு வேளையும் போய்வந்தார். வழியில் இருந்த விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் யாருக்காகவோ காத்திருப்பதுபோலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் புகைப்படக்காரர் வந்தார். மருத்துவமனை ஏதோ விழிப்புணர்வுக்காகப் படம் எடுக்கிறது, நல்ல காலாக ஒன்று வேண்டும் என்றார். கால் டாக்டர் யோசிக்கவே இல்லை. "எங்க பச்சைப் பட்டைக் கால் இருக்கே," என்றார். வாழ்க்கையில் அத்தானை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. முகத்தில் ஒரு பூரிப்பு. படத்தில் முகம் வராது என்பது தெரிந்தும் தலையை வாரிக்கொண்டார். நர்ஸ் கட்டைவிரலால் அமுக்கி எடுக்க, பள்ளம் விழ, விளக்கு பளிச்சிட்டது. "அசையாதீங்க கால்," என்றார் புகைப்படக்காரர். அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது அப்போது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

சுவரொட்டி வந்தது. வாசலில், வராந்தாவில், லிப்டுக்குள், கேண்டீனில், கழிப்பறைக் கதவில் எல்லாம் அத்தானின் கால். ஆளுயரத்துக்கு இருந்தது. பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பக்கத்து விரலைப் பார்த்ததுமே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "இந்த விரல் நகத்தை எத்தனை தடவை வெட்டிவிட்டிருக்கேன்," என்றாள். அத்தான் கூச்சத்தோடு தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கீழே இருந்த எழுத்தைப் படித்தேன். 'உங்கள் கால் இப்படி வீங்குகிறதா? விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கிறதா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? இது காலின் நோய் அல்ல. உங்கள் இதயம் உங்களைக் கூப்பிடுகிறது. ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இதயப் பிரிவு, மேல் தளம்.'

அக்கா என்னை அதை இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "வாங்க மேல போகலாம்," என்று மட்டும் சொன்னாள்.

மேல் தளத்தில் தரைவிரிப்பு, பூந்தொட்டி, மெல்லிய சங்கீதம் எல்லாம் இருந்தன. வரவேற்பில் ஓர் இளைஞர் எழுந்து நின்று வணங்கினார். அத்தான் சுவரொட்டியைக் காட்டி, "என் கால் இப்படி வீங்குதுங்க," என்றார்.

"இப்படியேவா?"

"இப்படியேன்னா, இதேதாங்க. அது என் கால்."

இளைஞர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "காலுக்குப் பட்டை கட்டியிருக்கே. நீங்க தரைத் தளத்து ஆளு."

"போஸ்டர்ல இங்க வரச் சொல்லியிருக்கீங்களே," என்றேன் நான்.

"இந்த மாதிரி கால் இருக்கிறவங்களைத்தான் சார் வரச் சொல்லியிருக்கோம். இந்தக் காலையே யாரும் வரச் சொல்லலையே. கால் குணமாச்சுன்னு கீழே சொல்லட்டும், பட்டையை அவங்களே எடுத்துடுவாங்க. அப்புறம் இதயத்துக்கு வரலாம். ஒரு நேரத்துல ஒரு உறுப்புதான்."

கீழே போய்க் கேட்டோம். குணமாகாத காலைக் கைவிடுவது தன் மனசாட்சிக்கு ஒப்பாது என்றார் திரைக்குப் பின்னால் இருந்தவர். அதுவும் இவ்வளவு புகழ்பெற்ற காலை.

அதே வாரம் மருத்துவமனை மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. இதயப் பிரிவின் தலைவர் பேசினார். அக்கா அவருக்கு மேல்மாடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். மேடையில் அவருக்குப் பின்னால் அத்தானின் கால் அவரைவிட உயரமாக நின்றது.

"நம்ம மக்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதுக்குப் பேரு அலட்சியம்," என்று ஆரம்பித்தார். "கால் வீங்குது. பார்க்கிறாங்க. உறையை மாத்துறாங்க. செருப்பை மாத்துறாங்க. இதயம் சரியா இறைக்கலேன்னா தண்ணி காலுக்குத்தான் இறங்கும்னு தெரியறதில்லை. இந்தக் காலைப் பாருங்க. நான் தினமும் பார்க்கிறேன். என் அறையில மாட்டியிருக்கேன். இது காலே இல்லை. இது இதயம் எழுதின தந்தி. இதைப் பார்த்ததுக்கு அப்புறமும் ஒருத்தர் சும்மா இருக்காருன்னா, அவரை என்னன்னு சொல்றது?"

மண்டபம் கைதட்டியது. அத்தானும் தட்டினார். பழக்கதோஷம்.

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தாள். "ஐயா, அந்தக் கால் என் வீட்டுக்காரரோடது. இதோ இங்க உக்காந்திருக்கார். நீங்க தினமும் பார்க்கிறதாச் சொன்னீங்க. ஒரு தடவை இவரைப் பார்க்கணும்."

மேல்மாடிக்காரர் நெகிழ்ந்துபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமை. இப்படித்தான் குடும்பத்துப் பெண்கள் முன்வந்து கேள்வி கேக்கணும். இந்த அம்மாவுக்கு எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க," என்றார். தட்டினார்கள். ஒரு பெண் ஓடிவந்து அக்கா கையில் இதய வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து வளையத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த கேள்வி என்றாள்.

வீட்டுக்கு வரும்போது அத்தானால் மாடிப்படியின் முதல் திருப்பத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் போயிட்டா கடையில பாக்கி லீவு சம்பளத்தை..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"வாயை மூடுங்க," என்றாள் அக்கா. எழுந்து மேலே போய்ச் சமையலறைக் கத்தரிக்கோலோடு திரும்பி வந்தாள். படியிலேயே அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பச்சைப் பட்டையை வெட்டிப் போட்டாள். "நாளைக்குப் புதுசாப் பதியுறோம். நீங்க இதயம். உங்களுக்குக் கால்ல ஒண்ணுமில்லை. கால்னு வாயைத் திறந்தீங்க, மறுபடியும் கீழ தள்ளிடுவாங்க. புரியுதா?"

அத்தான் தலையாட்டினார். விதிகளை மதித்து வாழ்ந்த மனிதர். புது விதியையும் மனதில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஜன்னலில் "இதயம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அந்த அம்மாளுக்கே கொஞ்சம் சந்தோஷம். மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டினார். நீளமான கால்சட்டை தரையைக் கூட்ட, அத்தான் மேல் தளத்துக்குப் போனார். இளைஞர் மறுபடி எழுந்து வணங்கினார். முகத்தை அவர் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது.

அங்கே ஓட்டை போட்ட திரை கிடையாது. உயர்ந்த இடம். படுக்கவைத்து, இடுப்பிலிருந்து கீழே கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பை மூடி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே இந்தப் பிரிவின் அக்கறை இல்லை என்றார் நர்ஸ். அத்தானால் படுக்க முடியவில்லை. பாதி சாய்ந்தபடி இருக்க அனுமதித்தார்கள்.

வந்தது ஒரு சின்ன டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஊரிலுள்ள இதயங்களையெல்லாம் தானே சுமப்பது மாதிரி தோள் தொங்கியிருந்தது. ஆனால் முதல் தடவையாக ஒருவர் அத்தானின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"ஆமாங்க."

"படுத்தா?"

"முட்டுதுங்க. தலையணை மேல தலையணையா வெச்சுத்தான்."

டாக்டரம்மா குழாயை வைத்து முன்னாலும் பின்னாலும் கேட்டார். புருவம் சுருங்கியது. மறுபடி கேட்டார். கழுத்து நரம்பைப் பார்த்தார். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், சுவரில், அத்தானின் கால்.

"எல்லாம் ஒரு பக்கமாத்தான் போகுது," என்றார். "இன்னைக்கே அட்மிஷன் போடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கி. எங்க பெரியவர் போட்ட விதி அது. கால் வீக்கம் இல்லாதவங்களை இந்த வார்டுல சேர்க்கக் கூடாது. கால்தான் இதயத்தோட சாட்சின்னு சொல்வார். காலை நாங்க பார்க்க முடியாது, அது வேற பிரிவு. நீங்களே சொல்லிடுங்க. கால்ல வீக்கம் இருக்கா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் எங்கள் இருவரையும் பார்க்காமல், எதிரே சுவரிலிருந்த தன் காலைப் பார்த்தார். கடையில் ஏணியைப் பார்க்கும்போது வரும் அதே முகம்.

"இல்லீங்க," என்றார்.

"கொஞ்சம்கூட?"

"சுத்தமா இல்லீங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. "அப்ப இதயம் இல்லை. வேற ஏதாவது இருக்கும். வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

இத்தனை நாளும் இங்கே உண்மையைச் சொன்னதால் திருப்பி அனுப்பப்பட்ட மனிதர், இங்கே சொன்ன முதல் பொய்யால் திரும்பப் போகிறார். அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க," என்றுகூடச் சொன்னார்.

அக்கா கத்தவில்லை. போய் ஒரு பக்கத்துக் கிளிப்பைக் கழற்றினாள். சுற்றிவந்து மறுபக்கத்துக் கிளிப்பையும் கழற்றினாள். விரிப்பை மடித்து நாற்காலியில் வைத்தாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டாள். பட்டை இருந்த இடத்தில் பள்ளமான ஒரு வளையம் இன்னும் இருந்தது. பெருவிரல் மேல் பக்கத்து விரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"இது எங்க போஸ்டர் கால்."

"என் வீட்டுக்காரர் கால்ம்மா," என்றாள் அக்கா.

டாக்டரம்மா கட்டைவிரலால் அமுக்கி எடுத்தார். பள்ளம் நின்றது. அது நிரம்பும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஆனது.

"இதை வெச்சுத்தான் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறேன்," என்றார் அப்புறம். "தினமும் இதுக்கு முன்னாடி உக்காந்துதான் காபி குடிக்கிறேன். இந்தக் காலுக்கு ஒரு ஆள் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்லை."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வீக்கத்தைத் தான் பார்த்ததாக எழுத முடியாது என்பதால், நோயாளி சொன்னார் என்று எழுதினார். அன்றைக்கே அத்தானுக்கு ஊசி போட்டார்கள். அவர் ஓயாமல் கழிப்பறைக்குப் போனார். உடம்பிலிருந்து இவ்வளவு தண்ணீரா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. சில நாட்களில் தட்டையாகப் படுத்துத் தூங்கினார். அக்கா அப்போதுதான் வராந்தாவுக்குப் போய் அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "அதை எதுக்கும்மா இப்ப," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

கால் வீக்கம் இறங்கிய செய்தி தரைத் தளத்துக்கு எப்படியோ எட்டியது. கால் டாக்டர் தன் ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசினாராம். "ஒரு காலுக்காக நாம எவ்வளவு காத்திருந்தோம். அவசரப்படல, அடுத்தவங்க வேலையில மூக்கை நுழைக்கல. கடைசியில வீக்கமே தோத்துப்போய் இறங்கிடுச்சு." பிரிவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. மேல்மாடிக்காரருக்கு மட்டும்தான் மனக்குறை. அடுத்த வருஷச் சுவரொட்டிக்குப் படம் எடுக்க அத்தானைத் தேடி ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் காலைப் பார்த்துவிட்டு, "கெடுத்துட்டாங்களே," என்று வருத்தப்பட்டுப் போனார்.

அத்தான் பழைய ஷூவுக்குத் திரும்பினார். மருந்து ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். ஏணி ஏறக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. முதலாளி மேல் தட்டைக் காலி செய்துவிட்டார்.

முதல் தடவை காட்டப் போனபோது நானும் கூட இருந்தேன். அதே ஜன்னல், அதே அம்மாள், நிமிராத அதே தலை. அக்கா பையில் மடக்குகிற மெத்தை ஒன்று வைத்திருந்தாள். அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"எந்த உறுப்பு?"

அத்தான் கொஞ்சம் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் அளவை மட்டும் கேட்டுப் பழகியவர், தன் அளவை யாரோ கேட்டதுபோல நின்றார்.

"ஆளு," என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். அவர் கண்களை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல கண்கள்தான். மேசைமேல் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பின் கீழிருந்து மேலே போனார்.

"அப்படி ஒரு பிரிவு இங்க இல்லீங்களே," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "உக்காருங்க. கேட்டுச் சொல்றேன்."

அக்கா பெஞ்சில் மெத்தையை விரித்தாள். நாங்கள் உட்கார்ந்தோம்.